கவிழ்ந்து கிடந்த பீங்கான் செருப்பு

சுக்கு நெடியும் புதுப் பெயின்ட் வாசனையும் கலந்து மூக்கை அரிக்கும் கிடங்கு அது. நான் மட்டாஞ்சேரியில் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், ஜூ டவுனிலிருந்த அந்தக் கிடங்கில் வியட்நாம்காரி ஒருத்தி தானே செய்து வரைந்த பீங்கான் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருந்தாள். தாமரை பூத்த சோற்றுக் குக்கர், ஆமை முதுகில் ஏறி நின்ற ஸ்டூல், எல்லாமே வெள்ளையில் நீலம் தீட்டிய பீங்கான். அம்மாவுக்கு அங்கே பெருக்கித் துடைக்கும் வேலை. பள்ளி விட்டதும் போய் அவளுக்காகக் காத்திருப்பேன். "எதையாவது தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்பாள்.

வாசலோரம் தரையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, அச்சு அசலாக, அதுவும் பீங்கான். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அடியில் சுருண்டிருந்த நீல டிராகன் தெரியட்டும் என்றுதான் கவிழ்த்திருக்கிறார்கள் என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை. செருப்பு "கவுந்து" கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம்; அந்த மாதம் அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யாரும் பார்க்காத நேரம் குனிந்து அதை நிமிர்த்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். வாரிலிருந்து நகமளவு சில்லு தெறித்தது. செருப்பைப் பழையபடி கவிழ்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவுக்குத் தெரியாமல் சில்லைக் காயலில் எறிந்தேன்.  ராத்திரி முழுக்க அம்மா வேலை என்னாகும் என்பதே நினைப்பு.

மறுநாள் சனிக்கிழமை. மேற்பார்வை பார்க்கும் சேட்டன் அம்மாவைக் கூப்பிட்டு, சில்லு போன வாரைக் காட்டி உண்மையைச் சொல்லச் சொன்னார். "ஆரா தொட்டது? சத்தியம் பற சேச்சீ."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நான்தான் சேட்டா. கவுந்து கெடக்கேன்னு தெனமும் பெருக்கறப்ப நிமித்தி வப்பேன், போறப்ப கவுத்துருவேன். நேத்து கை தவறியிருக்கும்."

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யில்லை அது. நிஜமாகவே அப்படி நம்பினாள். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அன்றைக்கே வேலை போயிற்று. அதற்கப்புறம் அம்மாவுக்கு இறால் உரிக்கும் ஷெட்டில், ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போக, ஆறு வருஷம்.

இன்று அந்தக் கிடங்கு துணிக்கடையாகிவிட்டது. போன வாரம் ஆட்டோவில் அதைக் கடக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தாள். "பாவம் அந்தப் பொண்ணு, எத்தன நாள் உக்காந்து வரைஞ்சாளோ. ஒடச்சுப்புட்டேனே."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "விடும்மா, தெரியாமத்தானே செஞ்சே" என்று அவளை மன்னித்தேன்.