எனக்காகச் செய்த தொட்டி

தண்ணீருக்குள் உட்கார்ந்து பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசைப்பட்டவள் எங்கள் லைன் வீடுகளில் நான் ஒருத்திதான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முதல் பிள்ளையை நான் எப்படிப் பெற்றேன் என்று அவர்களில் ஒருத்தரும் கூட வந்து பார்க்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் வெல்டர் வேலை கிடைத்தது. பர்கூர் பக்கத்துக் கிராமத்தை விட்டு மத்திகிரிக்குக் குடி வந்தோம். வரிசையாக ஓட்டு வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய். மாமியாரும் எங்களோடுதான் இருந்தார். மூத்த மகள் பிறந்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில். மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் தூக்கிக் கம்பியில் கட்டினார்கள். ஆயா ஒருத்தி வயிற்றின் மேல் முழங்கையை வைத்து அமுக்கினாள். வலி தாங்காமல் கத்தினேன். தொடையில் சுளீரென்று ஓர் அறை விழுந்தது. "அன்னைக்குச் சுகமா இருந்துச்சில்ல, இப்ப எதுக்குடி கத்தற?" என்றாள். நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார். கேட்காமல் கொள்ளாமல் கீழே அறுத்தார்கள், தைத்தார்கள். அந்த வலிகூட மறந்துவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது மட்டும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டு ஓனரம்மாவின் கணவர் பக்கத்து மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். கன்று போடும் மாட்டை எப்படிக் கவனிப்பார்கள் என்று பெருமையாகச் சொல்லுவார். மாட்டைத் தனியாக விட்டுவிட வேண்டுமாம். கீழே வைக்கோல் பரப்ப வேண்டுமாம். பக்கத்தில் ஒருத்தரும் சத்தம் போடக் கூடாதாம், மிரண்டால் கன்று இறங்காதாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். மாட்டுக்குத் தெரிந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருக்கும்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் படித்தேன். வெளிநாட்டில் சில பெண்கள் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து பிள்ளை பெறுகிறார்களாம். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்வதால் வலி தணிகிறதாம். கூடவே ஒரு படம். அந்த வெள்ளைக்காரி கண்ணை மூடிக்கொண்டு தொட்டியில் சாய்ந்திருந்தாள். அவள் காலை யாரும் கட்டவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு கவர்மென்ட் நர்சம்மா குடியிருந்தார். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர். படத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். சிரிக்காமல் முழுக்கப் படித்தார். "தண்ணிக்குள்ளயே பெக்கறத நான் பாத்ததில்ல கண்ணு. ஆனா வலி எடுக்கறப்ப இடுப்பு முழுவற அளவுக்கு வெதுவெதுன்னு ஊத்திக்கிட்டு உக்காரு, நல்லதுதான். நான் வந்து பக்கத்துல இருக்கறேன். மத்தத அப்ப பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அது போதும். அந்த ஆயாவின் கையில் திரும்பவும் விழாமல் இருந்தால் போதும்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "புள்ள பெக்கப்போறியா, மீன் குஞ்சு பெக்கப்போறியா?" ஓனரம்மா கன்னடத்தில், "எம்மெ தர நீரல்லி கூத்கோதாளந்தெ" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். எருமை மாதிரி தண்ணீரில் உட்காரப் போகிறாளாம் என்று அர்த்தம். குழாயடியில் எனக்கு எருமை என்றே பேர் வந்துவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கூட்டாளி ஒருத்தரின் பட்டறையில் பழைய தகடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எனக்கு ஒரு தொட்டி செய்தார். நான் கால் நீட்டிச் சாய்கிற நீளம். என் தொடையைக் கீறிவிடக் கூடாதென்று விளிம்பையெல்லாம் கிரைண்டர் போட்டு மழுக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்மேல் காட்டிய பிரியத்தில் அந்தத் தொட்டிதான் பெரிசு. டெம்போவில் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் தடுப்புக்குள் இறக்கினார். அன்று மத்தியானமே வெந்நீர் கலந்து உட்கார்ந்து பார்த்தேன். மாசக்கணக்காக இடுப்பில் இருந்த கடுப்பு மெல்ல விட்டது. வயிற்றில் பிள்ளை புரண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

சனியன் அங்கேதான் பிடித்தது. அவ்வளவு பெரிய பாத்திரம் அந்த லைனில் யார் வீட்டிலும் இல்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும், எத்தனை நாள் வராது என்று யாருக்கும் தெரியாது. மறு வாரம் தண்ணீர் வந்ததும் மாமியார் முதல் வேலையாகத் தொட்டியை ரொப்பினார். ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்தவர். கொட்டிய தண்ணீரைப் பார்த்தால் அவருக்குச் சோற்றைக் கொட்டிய மாதிரி மனசு துடிக்கும். அது எனக்கும் புரிந்தது. புரிந்து என்ன பண்ண? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வலி எடுத்தா மொண்டு ஊத்திட்டாப் போவுது, வுடு" என்றார்.

வலி எடுத்தது மார்கழிக் குளிரில், ஒரு காலை. அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கென்று பார்த்து விடியும்போதே குழாயில் தண்ணீர் வந்திருந்தது, அதுவும் ரொம்ப நாள் கழித்து. தொட்டி விளிம்பு வரைக்கும் தளும்பி நின்றது. ஐஸ் மாதிரி தண்ணீர்.

"அத்தை, பாதி எடுத்துருங்க. ஒரு அண்டா வெந்நி போட்டு ஊத்துனாப் போதும்" என்றேன்.

"எதுல எடுக்கறது? குடம், அண்டா, குண்டான் எல்லாம் ரொம்பிக் கெடக்குது."

"பக்கத்து வூட்டுக்குக் குடுங்க."

"அவங்க இட்லிப் பானைல கூடப் புடிச்சு வெச்சிருக்காங்க. யாரு வாங்குவா?"

"அப்பக் கொட்டிருங்க."

என்னமோ கொலை பண்ணச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். "குடிக்கற தண்ணியவா? இனி என்னைக்கு வருமோ. அத நான் கொட்டுவனா?"

அடுத்த வலி வந்தது. நிற்க முடியாமல் தொட்டியின் விளிம்பைப் பிடித்தேன். கை தண்ணீரில் பட்டுவிட்டது. பாய்ந்து வந்து என் கையை எடுத்துவிட்டார். "கைய வெக்காத புள்ள. தீட்டு ஆயிரும், அப்பறம் ஒருத்தரும் வாயில வெக்க முடியாது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுப்புப் பக்கம் போகும் குழந்தையிடம் சொல்லுகிற மாதிரி சொன்னார். எனக்காக என் புருஷன் செய்த தொட்டியில் எனக்கு விரல் நனைக்க வழியில்லை. அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தேன்.

நர்சம்மாவைக் கூப்பிடப் போன பக்கத்து வீட்டுக்காரி வெறுங்கையோடு வந்தாள். வீடு பூட்டியிருந்ததாம், தளிப் பக்கம் தடுப்பூசி போடப் போய்விட்டாராம். மாமியார் பயந்துபோய் ஆட்டோவுக்கு ஆள் விட்டார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

அதே நர்சிங் ஹோம். அதே ஆயா. "இவளா, போன தடவ ஊரக் கூட்டுனவதான?" என்றாள். இந்தத் தடவை நான் கத்தவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கால் கட்டு, முழங்கை, அறுப்பு, தையல், எல்லாம் பழையபடிதான். பையன் பிறந்தான். ஆணொன்று பெண்ணொன்று ஆகிவிட்டதே, போதுமே என்றார்கள். எனக்கும் போதும்தான். தலையை ஆட்டினேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், மறுநாளே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி அனுப்பினார்கள்.

தையல் பிரித்த பிறகு தீட்டுக் கழிக்கத் தலைக்கு ஊற்றினார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் குளியல் லேசுப்பட்டதல்ல. கொதிக்கக் கொதிக்க, தோல் சிவக்கச் சிவக்க, பிள்ளை பெற்றவளின் இடுப்பில் அறைந்து அறைந்து ஊற்றுவார்கள். மாமியார் தொட்டித் தண்ணீர் மொத்தத்தையும் அண்டா அண்டாவாகக் காய்ச்சினார். ஓனரம்மாவும் ஒத்தாசைக்கு வந்தார். பலகையில் உட்கார வைத்து ஊற்றினார்கள், ஊற்றினார்கள், அப்படி ஊற்றினார்கள். ஒரு சொட்டுக்கும் கணக்குப் பார்க்கவில்லை. எல்லாம் சாக்கடையில் ஓடியது. "இடுப்புக்கு எதமா இருக்குதா கண்ணு?" என்று மாமியார் ஆசையாகத்தான் கேட்டார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. தலையில் தண்ணீர் ஊற்றும்போது அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார். தொட்டி காலியாக இருந்தது. நான் பின்வாசலில் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும், பாவம்.

"மனசுல வெச்சிக்காத. அடுத்த தடவ நான் லீவு போட்டுட்டு வூட்லயே இருக்கறேன். அதுல ஒரு சொட்டு ரொப்ப வுடமாட்டேன்" என்றார்.

"என்னங்க," என்றேன், "ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று வாசலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டியை ரொப்பப் போனார்.