ஒரே பெயரில் இரண்டு தகடுகள்

‘இதே பெயரில் இன்னொரு ஃபைல் இருக்கிறது, அதன் மேல் இதை வைத்துவிடவா?’ என்று கணினி கேட்டது. யோசிக்காமல் ஆமாம் என்று அழுத்தினேன். செம்பூரில், பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கும் எஃகு அச்சுகளை வடிவமைக்கும் சின்ன ஆபீஸ் அது. எனக்கு அங்கே இரண்டாவது வாரம். வேலை வாங்கிக் கொடுத்தது என் மைனி, அதாவது அண்ணன் மனைவி; அங்கே அவர்தான் சீனியர் டிசைனர். எங்கள் வீட்டுப் பையன், பொறுப்பாக இருப்பான் என்று முதலாளியிடம் மைனி வாக்குக் கொடுத்திருந்தார்.

லேபர் கேம்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பில், ஒரே அறையில் ஆறு பேரோடு வளர்ந்தவன் நான். சாமான்களுக்கு இடம் ஒதுக்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மைனியோ ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் வைத்து, ஒவ்வொன்றிலும் அதே மாதிரித் தகடு, அதே மாதிரி போல்ட் என்று போட்டிருந்தார். அவர் லீவில் இருந்த சனிக்கிழமை, தகடுகளை எல்லாம் ஒரு ஃபோல்டரிலும் போல்ட்டுகளை எல்லாம் இன்னொன்றிலும் சேர்த்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை அம்பர்நாத் தொழிற்சாலைக்கான அச்சை மைனி திறந்தார். முழு அச்சையும் காட்டும் ஃபைல், தன் பாகங்களை அவை இருந்த இடத்தில்தான் தேடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரையில் நாலைந்து பாகங்களே வந்தன. மூன்று மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அங்கே எஃகு வாங்கி வைத்துக் காத்திருந்தார்கள். மைனி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“அழிச்சியளா தம்பி, இடம் மாத்துனியளா?”

“மாத்துனேன் மைனி.”

“அப்ப எல்லாம் இங்கனதான் கெடக்கும். உக்காருங்க.”

ஒவ்வொரு பாகமாகத் தேடி எடுத்துக் காட்டினோம். அடித்தகடும் வந்து ஒழுங்காக உட்கார்ந்தது. மைனி பாகங்களின் பட்டியலில் டிக் போட்டார். நான் ஆமாம் சொன்னது இந்தத் தகட்டுக்குத்தான். வேறொரு வேலையின் அடித்தகடு அதே பெயரில் வந்து இதை அழித்திருந்தது. நீளம் அகலம் ஒன்றே, துளைகள் மட்டும் கொஞ்சம் தள்ளி. சொல்லாமல் விட்டால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் எஃகை வெட்டிய பிறகு பழி மைனி மேல் விழும், வரைபடத்தில் இருப்பது அவர் பெயர். சொன்னால் என் வேலை போகும். இரண்டே முக்காலுக்குச் சொன்னேன்.

மைனி எழுந்து முதலாளி அறைக்குப் போய், மறுநாள் காலை வரை நேரம் வாங்கி வந்தார். உள்ளே என்ன சொன்னார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஒப்புதலுக்கு அனுப்பிய அந்தத் தகட்டின் பழைய பிரிண்ட் ஒன்று அலமாரியில் இருந்தது. நான் அளவுகளைப் படிக்க, அவர் தகட்டை மறுபடி வரைந்தார்.

இப்போது மைனி வீட்டிலிருந்தே சொந்தமாக டிசைன் செய்கிறார். அந்த ஆபீஸில் ஃபைல்களுக்குப் பொறுப்பு நான். வேலைக்கு ஒரு ஃபோல்டர் என்றுதான் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது, தம்பி வேலை எப்படிப் போகிறது என்று அண்ணன் கேட்டான்.

“இன்னைக்கு ஒரு தகட்டத் தப்பா வெட்டியிருப்பாவ. தம்பி சொல்லப் போயித்தான் தப்பிச்சுது,” என்று சொல்லிவிட்டு, மைனி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.