வாடை பார்க்கிறவள் பூ வைப்பதில்லை

பன்னிரண்டு வருஷமாக மாரித்தாய் பூ வைக்காமல்தான் வேலைக்குப் போய் வந்தாள். புருஷன் சங்கிலிமுத்து கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது இவள் ஏன் வெறுந்தலையோடு போகிறாள் என்று தெருவில் பேசுவார்கள். அவளுக்கோ அதில் ஒரு பெருமை.

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்தை வாடை பார்க்கிறவள் அவள். மழைக்காலத்தில் கலந்து வைத்த மருந்தில் ஈரம் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே சூடேறும், விட்டால் பற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. மூத்திர நெடி மாதிரி லேசாக ஒரு வாடை மட்டும் கிளம்பும். காலையில் தட்டுத் தட்டாக மோந்து, "சரியா இருக்கு அண்ணாச்சி" என்று அவள் சொன்ன பிறகுதான் போர்மேன் ரத்தினசாமி ஆட்களை உள்ளே விடுவார். மல்லிகை மூக்கை ஏமாற்றும் என்று பூவை விட்டது அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம்.

இரண்டாயிரத்து ஆறில் வெம்பக்கோட்டையிலிருந்து செல்லத்தாய் வந்து சேர்ந்தாள். முதல் வாரமே வாசலில் நின்றபடி, "அந்த மூணாவது தட்டு சரியில்ல" என்றாள். மாரித்தாய் மோந்து நல்லது என்று சொல்லிவிட்டு வந்த தட்டு அது. ரத்தினசாமி தொட்டுப் பார்த்தார். கதகதவென்றிருந்தது.

ஒருநாள் மத்தியானம் கூட வேலை பார்க்கும் பொன்மணி சோற்றுவாளியைச் சுற்றி வந்த தாளைப் பிரித்தாள். அச்சாபீஸில் கழித்துப் போட்ட பள்ளிக்கூடப் படத்தாள், சுறாமீன் படம். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சுறாவுக்கு மூக்கு மூச்சு விட இல்லையாம்க்கா. வாடை பாக்க மட்டுந்தானாம். தண்ணி உள்ள போயி, மடிப்பு மடிப்பா இருக்கற தோலத் தடவிட்டு வெளிய வந்துருமாம். எந்தப் பக்கத்து ஓட்டையில வாடை படுதோ அந்தப் பக்கம் திரும்புமாம்."

"அப்ப நம்ம செல்லத்தாயி சுறாவேதான்" என்றார் ரத்தினசாமி.

"மாரித்தாயக்கா என்ன மீனு அண்ணாச்சி?"

"அவ கருவாடு."

எல்லாரும் சிரித்தார்கள். செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. மாரித்தாய்க்கு அதுதான் அதிகமாக எரிந்தது.

புரட்டாசிக் கடைசியில் ரத்தினசாமி சொல்லிவிட்டார்: "வர்ற வெள்ளிக்கிழமையிலருந்து செல்லத்தாயி பாக்கட்டும். நீ காகிதக் குழாய் சுருட்டப் போ, மாரித்தாயி."

அந்த வெள்ளிக்கிழமை மாரித்தாய் பத்திரகாளி கோயிலில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு வந்தாள். "அம்மன் பூவு. வச்சுக்கோ" என்று தன் கையாலேயே செல்லத்தாய்க்குச் சூட்டினாள். பூ வைக்கக் கூடாது என்று செல்லத்தாய்க்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவள் மாரித்தாய்தான்.

விடிய விடியத் தூறல் விழுந்திருந்தது. தீபாவளி லோடு ஏற்றும் அவசரத்தில் ரத்தினசாமி பூவைக் கவனிக்கவில்லை. செல்லத்தாய் தட்டுகளைச் சுற்றி வந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். குரலில் ஒரு தடுமாற்றம். ஆட்கள் உள்ளே போகச் செருப்பைக் கழற்றினார்கள். முன்னால் நின்றவள் பொன்மணி.

மாரித்தாய் தானும் மோந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நல்ல மருந்தா, செத்த மூக்கா? தாயே, உன் பூவையா இதுக்கு எடுத்தேன்?

"யாரும் உள்ள போகாதீக" என்றாள். "செல்லத்தாயி, பூவ எடுத்துட்டு இன்னொருக்கா பாரு. வாடை பாக்கறவ பூ வைக்கக் கூடாது. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

செல்லத்தாய் பூவை எடுத்துப் பொன்மணியிடம் கொடுத்துத் தள்ளிப் போகச் சொன்னாள். முகம் கழுவி வந்து வாசலில் நின்றாள். முகத்தை இடப்பக்கம் மெல்லத் திருப்பினாள், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். முகம் அங்கேயே நின்றுவிட்டது. "சுவரோரத் தட்டு."

அதை இரண்டு பேர் அலுங்காமல் பொட்டலுக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தினசாமி மாரித்தாயை ஏறிட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை குழாய் சுருட்டும் ஷெட்டுக்கு மாரித்தாய் பூ வைத்துக்கொண்டு போனாள். இனி என்ன தடை? கேட்டருகே வந்த செல்லத்தாய் எட்டவே நின்றாள்.

"மல்லி கமகமங்குது மதினி. தெருமுனையிலயே வந்துருச்சு."

மாரித்தாய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். தன் தலையிலிருந்த பூ தனக்கு மணக்கவில்லை.

"உனக்கென்னம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.