லண்டன் டிவியின் ஐம்பதாவது பிறந்தநாள்

லண்டனில் ஒரு டிவிக்கு ஐம்பது வயது நிறைந்ததால்தான் என் சித்தி ஐந்து வருடம் ஊர் ஊராக அலைந்தாள் என்று எங்கள் உறவுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அது நியாயமான பேச்சில்லை. அவளை அலைய வைத்தது நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. சுனாமி வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கிள்ளைக்குப் பக்கத்தில், கடலை விட்டுத் தள்ளி, வரிசையாகப் போட்டுக்கொடுத்த தார் ஷீட் கொட்டகைகளில் இருந்தோம். பகலில் உள்ளே உட்கார முடியாது, அப்படிக் கொதிக்கும். எங்கள் கொட்டகைக்கும் சித்தியின் கொட்டகைக்கும் நடுவே ஒரு ஷீட்தான். அவள் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். ஆனால் அந்த ஒன்பது மாதத்தில் சித்தி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். சுனாமி வந்த அன்று விடியுமுன் மீன்கூடையோடு சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு பேரையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பையன் அன்று சாயங்காலமே கிடைத்தான், புதைத்தார்கள். மகள் கிடைக்கவில்லை. ஐந்து வயது, பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தண்ணீர் வந்தபோது அவள் என்னோடு இருந்தாள். "சின்னப் பொண்ணு, அது என்னா பண்ணும்" என்று ஊரே எனக்காகப் பேசியது. சித்தி மட்டும் என் தலை தெரிந்தால் கொட்டகைக்குள் போய்விடுவாள்.

புரட்டாசியில் ஒரு நாள் வெள்ளைக்கார அம்மா ஒருவரும் கேமராக்காரர் ஒருவரும் காரில் வந்து இறங்கினார்கள். மொழிபெயர்க்க, சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் கூட வந்திருந்தார். கடல் பொங்கிய மூன்றாம் நாள் எங்கள் கரையில் படம் பிடித்தவர்கள் இவர்கள்தானாம். இவர்களுடைய டிவி தொடங்கி ஐம்பது வருடம் நிறைகிறதாம். இத்தனை வருடத்தில் காட்டியவற்றில் மறக்க முடியாததையெல்லாம் சேர்த்து ஒரு விழா நிகழ்ச்சி செய்கிறார்கள். அதில் சித்தியும் வருகிறாள். அதற்கு அவள் கையெழுத்து வேண்டும். இப்போது எப்படி இருக்கிறாள் என்று இரண்டு நிமிடம் பேசவும் வேண்டும்.

"டிவிக்குப் பொறந்தநாளா?" என்றார் சித்தப்பா. "நல்லா இருக்கட்டும்."

தண்ணீர் பிடிக்கும் டிரம்மைக் கவிழ்த்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்தார்கள். கொட்டகை வரிசையே கூடிவிட்டது. முதலில் யாரோ நிலாவில் குதித்துக் குதித்து நடந்தார். பிறகு ஒரு சுவரை ஜனங்கள் ஏறி இடித்தார்கள். ஓர் இளவரசியின் சவ ஊர்வலம் போனது. அதற்கு அடுத்து எங்கள் கரை. சித்தி தலைவிரிகோலமாகக் கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். சித்தி அழவில்லை, வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். படம் மாறியது. கடலூரில் ஏதோ ஒரு கல்யாண மண்டபம். பிள்ளைகள் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒரு சின்னப் பெண், பாதி முகம் மட்டும் தெரிய, தட்டோடு திரும்பினாள்.

"தம்பி, நிறுத்தச் சொல்லு," என்றாள் சித்தி.

நிறுத்தினார்கள். அந்தக் கன்னமும் காதும் பாப்பாவினுடையது மாதிரியே இருந்தன. இரட்டைச் சடை, பச்சை ரிப்பன்.

சித்தி கூட்டத்தில் தேடி என்னைப் பிடித்தாள். என் எதிரே குந்தி உட்கார்ந்து இரண்டு தோளையும் பற்றிக்கொண்டாள். அவள் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தினாள். மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள்.

"கண்ணு, அன்னிக்கு நீதான அவளுக்குத் தல பின்னிவுட்ட? பச்ச ரிப்பனா?"

நான் பின்னவில்லை. சிக்கு எடுக்கும்போது வலிக்கிறதென்று பாப்பா சீப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவிட்டாள். தண்ணீர் எங்களைப் புரட்டியபோது முதலில் அவள் கை நழுவியது. அப்புறம் அவிழ்ந்து கிடந்த அவள் தலைமுடியைப் பிடித்தேன். அதுவும் நழுவியது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஆனால் சித்தி என்னைக் கண்ணு என்று கூப்பிட்டிருந்தாள். அவள் கை என் தோளில் இருந்தது.

"ஆமா சித்தி," என்றேன்.

வெள்ளைக்கார அம்மா வருத்தத்தோடு என்னென்னவோ சொன்னார். "அது யார் புள்ளன்னு அவுங்களுக்குத் தெரியாதாம்க்கா. உறுதியா சொல்ல முடியாதுன்றாங்க," என்றார் அந்த அண்ணன். சித்தி காதில் அது ஏறவே இல்லை. அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அனுப்பினார்கள். விழா நிகழ்ச்சி லண்டனில் நன்றாக நடந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை.

படத்தோடு சித்தி மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்குப் போய், செத்தவர்கள் பட்டியலிலிருந்து மகள் பெயரை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தாள். கடலூர், பாண்டிச்சேரி, நாகப்பட்டினம் என்று பிள்ளைகளை வைத்து வளர்க்கும் இல்லம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு, மறுபடி பிள்ளை பிறக்கும்படி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை அரசாங்கத்தில் மாற்றிச் செய்து கொடுத்தார்கள். எங்கள் வரிசையிலேயே மூன்று பேர் செய்துகொண்டு மறுபடி பெற்றார்கள். நர்சம்மா வந்து கூப்பிட்டபோது, "எம் பொண்ணு இருக்கா. எனக்கெதுக்கு?" என்று சித்தி சொல்லிவிட்டாள். சித்தப்பா கெஞ்சிப் பார்த்தார். பிறகு கேரளாவுக்கு மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனவர், வருடத்துக்கு ஒரு முறை வந்தார், அப்புறம் வரவில்லை.

அத்தனை நாளும் சித்தி என் மேல் பிரியமாக இருந்தாள். எனக்கும் தலை பின்னிவிட்டாள்.

நான் பத்தாவது படிக்கும்போது, படத்தில் இருந்த ஆள் கிடைத்தது. கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு வீடு. அடையாளம் சொல்ல என்னையும் கூட்டிப்போனாள். பதினோரு வயதுப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். அவள் அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார்.

"எம் பொண்ணுதாங்க. கேம்ப்புல நாந்தான் வரிசையில நிக்க வச்சேன். பக்கத்துலதான் நிக்கிறேன், படத்துல நான் உழல," என்றார். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்து, "உக்காருங்கக்கா, டீ போடுறேன்," என்றார்.

சித்தி டீயை முழுக்கக் குடித்தாள். அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டுவிட்டு எழுந்தாள்.

சிதம்பரம் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"தண்ணி வந்தப்ப பாப்பா என்னைக் கூப்புட்டாளா?"

"கூப்புட்டா சித்தி."

"எத்தினி தரம்?"

"ரெண்டு தரம்."

சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

அந்த ஒன்பது மாத மௌனத்தைப் பத்து வயதில் நான் கோபம் என்று நினைத்திருந்தேன். அது பயம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். டிரம்முக்கு முன்னால் என் தோளைப் பற்றி வாயெடுத்தபோது, அவள் கேட்க வந்ததும் இதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.