ராஜினாமா எழுதிய பிறகு வந்த கட்டி

போன வருடம் ஐப்பசியில், சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி கையில் பட்டது. வலியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் துண்டைச் சுற்றிக்கொண்டு செராமிக் பட்டறைக்குப் போய்வந்தேன். சூளை அனலில் நிற்பவன் கழுத்தில் துண்டு இருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வடிகட்டிய மடத்தனம்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. எட்டு வருடம் முன்பு என் இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், என் மனைவி செல்வி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அப்போது கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினோம். குறையை மனுவாக எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டுவது எங்கள் விருத்தாசலத்து வழக்கம். குறை தீர்ந்தால் ராஜினாமா எழுதி வாபஸ் வாங்க வேண்டும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எழுதிக் கொடுத்தோம். முடிந்த வழக்கில் மறுபடி குறை சொன்னால் சாமியின் தீர்ப்பே தப்பு என்றாகிவிடுமே என்று பயந்தேன்.

தை மாதம் செல்வி கட்டியைப் பார்த்துவிட்டாள். புதுச்சேரியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். மாற்றுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நான் தினமும் சாப்பிடும் மாத்திரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுமாம்; வருடங்கள் கழித்துச் சிலருக்கு இப்படி வருமாம். மாத்திரையைக் குறைக்க வேண்டும், குறைத்தால் கிட்னி போகலாம் என்றார் டாக்டர். முடிந்த வழக்கைக் கிளறப் பயந்துதான் மறைத்தேன் என்று செல்வியிடம் அப்போதுதான் சொன்னேன்.

"ஏங்க, இது வேற கேஸு. புதுசா எழுதலாம் வாங்க" என்றாள் செல்வி. அவளே எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. நோயும் தீர வேண்டும், கிட்னியும் நிலைக்க வேண்டும் என்று எழுதியிருப்பாள் என நினைத்துக்கொண்டேன்.

மாத்திரையைக் குறைத்து, ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. வாயெல்லாம் புண். செத்தால் தேவலை என்று இருந்தது. ஆடியில் கட்டி கரைந்துவிட்டது. ஆவணியில் கிட்னி நின்றுவிட்டது.

"நீ குடுத்தத காப்பாத்த முடியலியே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அத நான் கேக்கவே இல்லீங்க. கிட்னி போனா போவட்டும், ஆளு வூடு வந்து சேரணும்னுதான் எழுதுனேன்" என்றாள்.

போன திங்கட்கிழமை ராஜினாமாவை நானே என் கையால் எழுதினேன். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பட்டறை வேலை போய்விட்டது. ஆனாலும் எழுதும்போது மனதில் குறை இல்லை.

என்னைப்போல் மாற்று உறுப்போடு இருப்பவர்களே, கட்டி தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். சாமியிடமும் மறைக்காதீர்கள். எத்தனை முறை போனாலும் அவர் மனுவை வாங்கிக்கொள்கிறார். கேட்கத் தெரியாமல் நின்றது நான்தான். எனக்காகக் கேட்கத் தெரிந்தவள் பக்கத்திலேயே இருந்தாள்.