இடது கால் பூட்ஸ்

சாலாக் செலாத்தானில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் வாசலில் ஒரு ரப்பர் பூட்ஸ் நிற்கிறது. இடது கால் மட்டும். குடையைச் செருகி வைக்க அதைத்தான் பயன்படுத்துகிறேன். எத்தனையோ அறை மாறியிருக்கிறேன். மெத்தையைக்கூட விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதை மட்டும் ஏனோ விடவில்லை. இதன் வலது கால் போர்ட் கிள்ளானுக்கு வெளியே, அலையாத்திக் காட்டை ஒட்டிய சேற்றில் கிடக்கிறது.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தேன், லோரியில் சாமான் ஏற்றினேன், அதுவும் சலித்தபோது போர்ட் கிள்ளானில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் படகை ஓட்டினேன். மீன் இல்லாத நாட்களில் தவுக்கே அதைப் பல்கலைக்கழகத்து டாக்டர் ஒருவருக்கு வாடகைக்கு விடுவார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல, சேற்றுப் புழுக்களை ஆராய்கிறவர். ஆண்டுதோறும் கடைசி ஆண்டு ஆய்வுக்காக ஒரு மாணவரைக் கூட்டி வருவார். எனக்கும் சேர்த்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வருகிற மனிதர். அந்த ஆண்டு அவரோடு வந்தது ஒரு பெண். தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன். கரையை விட்டு நகர்வதற்குள் வாந்தி எடுத்தாள்.

"கடல் ஒத்துக்காதுன்னா ஏம்மா இதுக்கு வந்த?"

"நான் எங்கண்ணே வந்தேன்? கம்ப்யூட்டர் அனுப்பி வச்சிருச்சு."

ஐந்து தலைப்புகளை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டுமாம். மதிப்பெண் கூடியவர்களுக்கு முதலில் பொருத்திவிட்டு, மிச்சமிருக்கும் தலைப்புகளை மிச்சமிருப்பவர்களுக்குப் பொருத்துமாம். அவள் கேட்ட ஐந்தும் போய்விட்டன. யாரும் கேட்காத புழுவும், அதோடு டாக்டரும் அவளுக்கு வந்தார்கள். அவள் முதலில் கேட்டிருந்தது ஓர் உணவுத் தொழிற்சாலை கொடுத்த தலைப்பு. அதை ஒழுங்காக முடிப்பவரைத் தொழிற்சாலையே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அவளுடைய அப்பா முதுகு போய் லோரி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். படிப்பு முடிந்த மறுநாளே அவளுக்குச் சம்பளம் தேவைப்பட்டது.

அடுத்த முறை வந்தபோது முகம் தெளிந்திருந்தது. தொழிற்சாலைத் தலைப்பை எடுத்தவன் படிப்பையே நிறுத்திவிட்டான். அதன் மேற்பார்வையாளர் இவளை ஏற்கச் சம்மதித்துவிட்டார். இனி டாக்டர் அவளை விடுவித்து மாற்றல் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்குள் அதை அவளே நேரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். "மண்ணு எடுத்துட்டு வந்துருவோம், கரையில போட்டுத் தரேன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேலை சீக்கிரமே முடிந்தது. படகைத் திருப்பினேன்.

"அந்த மூலையில இன்னும் ஒரே ஒரு எடம்," என்றார் டாக்டர்.

"தண்ணி வத்துது டாக்டர். உள்ள போனா மாட்டிக்குவோம்."

"கொஞ்ச நேரம்தான்லா."

மறுபடியும் சொன்னேன். அவர் சல்லடையை அலசிக்கொண்டிருந்தார். படகுக்குக் காசு கொடுப்பவர் அவர். மூன்றாவது முறை நான் சொல்லவில்லை.

அந்த மூலையில் படகின் அடி சேற்றில் உட்கார்ந்தது. எஞ்சினை முடுக்கினால் கறுப்புச் சேறுதான் கிளம்பியது. சுற்றியிருந்த தண்ணீர் எங்களை விட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். துறைமுகத்தில் கிரேன்கள் பெட்டிகளைத் தூக்கி இறக்குவது கண்ணெதிரே தெரிந்தது. டாக்டர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து, படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கெஞ்சினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த ஆளு கவுண்டர்லயே நிக்கிறாங்களாம் அண்ணே."

சொல்லிவிட்டுப் படகை விட்டு இறங்கினாள். சில எட்டுகள்தான் வைத்தாள், தொடை வரை புதைந்தாள். நான் பலகையைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து அவளை இழுத்தேன். அவள் வந்தாள், வலது பூட்ஸ் வரவில்லை.

"விடும்மா, இதுவும் நல்ல ப்ராஜெக்ட்தான்," என்றார் டாக்டர், புழுக்களைப் புட்டியில் போட்டபடி. அவள் ஒரு டப்பா மூடியால் காலில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் திரும்பி வந்து படகைத் தூக்கியபோது ஐந்து மணி எப்போதோ கடந்திருந்தது. மீதி பூட்ஸைப் படகிலேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு கரையேறினாள். அந்த வாரமே நானும் தவுக்கேயிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன், பூட்ஸைப் பையில் திணித்துக்கொண்டு.

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் படிக்கட்டுக்குக் கீழே "அண்ணே" என்றொரு குரல். அவள்தான். கழுத்தில் அலுவலக அட்டை. போனில் வாடிக்கையாளர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொள்கிற வேலை. புழு ஆய்வை முடித்தாளாம், தேறினாளாம், அதைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லையாம். தேநீர் குடித்தோம். பூட்ஸைப் பற்றிச் சொன்னேன்.

"அடப்பாவி அண்ணே! அது டிபார்ட்மெண்ட் பூட்ஸ். ஜோடி திரும்பி வரலன்னு என் டிகிரி பேப்பரையே புடிச்சு வச்சிருந்தாங்க. நீங்க அதுல கொடை வச்சிருக்கீங்களா?"

சிரித்து முடித்துவிட்டு, "தண்ணி வத்துதுன்னு நீங்க ரெண்டு தடவ சொன்னது எனக்கும் கேட்டுச்சு," என்றாள்.

"அப்ப நீயாவது டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிண்ணே? கோவத்துல கையெழுத்துப் போடலன்னா?"

இடைவேளை முடிந்ததென்று எழுந்துபோனாள். சாலாக் செலாத்தானுக்குத் திரும்பும்போது நல்ல மழை. நனைந்த குடையைப் பூட்ஸில் செருகினேன். காலையில் பார்த்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. நல்ல ரப்பர், இன்னும் எங்கும் கிழியவில்லை. உள்ளே போனது தானாக வெளியே வராது. கவிழ்த்து ஊற்றிவிட்டு, மறுபடியும் வாசலில் நிறுத்தினேன்.