கிள்ளான் தெருவில் தம்பிக்குத் திறக்காத தடுப்பு

கூடாரக் கம்பி ஒரு மனிதனின் தாடையில் விழும் சத்தத்தை நான் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். மலேசியாவின் கிள்ளானில், தீபாவளிக்கு முந்தின நாள், பட்டப்பகலில். அடி வாங்கியவர் எங்கள் சீஃப். அடித்தவர் அவருடைய உடன்பிறந்த தம்பி.

சீஃப் போக்குவரத்துப் பொறியாளர். கோலாலம்பூர் பங்சாரில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்தில் ஓர் ஆலோசனை மென்பொருளை உருவாக்கியிருந்தார். ஒரு தெருவின் நெரிசல் நிலவரத்தைக் கொடுத்தால், அனுபவசாலியைப் போல அது யோசனை சொல்லும்: பார்க்கிங் கட்டணத்தை உயர்த்து, பஸ்ஸைக் கூட்டு, கார்களை உள்ளே விடாதே. அதில் அவர் பிடிவாதமாகச் சேர்த்த கேள்வி ஒன்று உண்டு. தெரிந்தவர் என்று யாரையாவது உள்ளே விடுவீர்களா? ஆம் என்றால், தெருவை அடைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடும். எங்களுக்குச் சிரிப்பு வரும். நம்மவர்கள் போடும் தடுப்பெல்லாம் மாமன் மச்சானுக்காகத்தான் திறக்கிறது என்பார் அவர். அதில் பொய்யும் இல்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்கு அதன் யோசனைப்படி கிள்ளான் கடைத்தெருவை அடைத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. சரக்கு வண்டிகள் விடிகாலையிலேயே வந்து போய்விட வேண்டும். சனங்களுக்கு வெளியே கார் நிறுத்துமிடமும் இலவச பஸ்ஸும். பெரும்பாலும் ஒழுங்காகத்தான் நடந்தது. தம்பியின் பூ வேன் வழியில் பழுதாகி, வெயில் ஏறிய பிறகு, நேரம் தப்பி வந்த சில லோரிகளுக்கு முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, தொறந்து விடுலா. மல்லி வெந்துபோகுது."

"வேன அங்கயே நிப்பாட்டு. கூடைய நான் தூக்கிட்டு வரேன்," என்று சீஃப் சட்டைக் கையை மடித்தார்.

"நீ தூக்கி முடிக்கிறதுக்குள்ள பூவு செத்துரும். வருசத்துல இந்த ஒரு நாள்தான் எனக்கு யாவாரம். கூடப்பொறந்தவனுக்குக்கூடவா?"

"ஒன்ன விட்டா அவங்களுக்கு என்னடா பதில் சொல்றது?" பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த லோரிகளைக் காட்டினார்.

தம்பி பக்கத்துக் கடையின் கூடாரக் கம்பியைப் பிடுங்கினார். சீஃப் விழுந்ததும் லோரிக்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள், விலக்க அல்ல. வழியை மறித்த ஆத்திரத்தில், விழுந்து கிடந்தவரின் விலாவில் உதைத்தார்கள். குறுக்கே பாய்ந்த என் முதுகிலும் உதை விழுந்தது. யாரோ அங்கே நின்ற இலவச பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தார்கள். வேனிலிருந்த கூடைகள் கவிழ, கொட்டிய மல்லிகையை மிதித்துக்கொண்டே அடித்தார்கள். சீஃபின் வாயிலிருந்து ரத்தத்தோடு பற்கள் விழுந்தன. அதைப் பார்த்துத் தம்பி, "ஐயோ அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

மருத்துவமனையில் போலீஸ்காரர் விசாரித்தபோது, தம்பியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், கூட்டத்தில் அடித்தது யாரென்று தெரியவில்லை என்றேன். அவரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தலையாட்டினார். தாடையைக் கட்டிப் படுத்திருந்த சீஃப் என் கைப்பேசியை வாங்கினார். தம்பியின் முழுப்பெயரைத் தட்டி போலீஸ்காரரிடம் நீட்டினார். தீபாவளியன்று தம்பி லாக்கப்பில் இருந்தார்.

இன்றும் அந்தத் தெருவைப் பண்டிகைக்கு அடைக்கிறார்கள். பிள்ளைகள் பெரியவர்களின் கையை உதறிக்கொண்டு நடுத்தெருவில் ஓடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் சீஃப் மேல் கோபம் தீரவில்லை. தண்டனை முடிந்து சிறையிலிருந்து வந்த தம்பி அண்ணன் வீட்டுப் படி ஏறவே இல்லை. அதற்காக சீஃப் அழுததை நான் பார்த்திருக்கிறேன். தம்பியின் பெயரைக் கொடுத்தது தப்பு என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.